பச்சை அட்டை சொல்லாத விஷயம்

கேள்வி: நானும் கணவரும் பாங்காக்கில் வேலை பார்க்கிறோம். இருபது மாடிகளுக்கு மேல் உள்ள குடியிருப்பு ஒன்றில் பதினான்காம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். 2025 மார்ச் 28 மதியம் மியன்மாரில் நிலநடுக்கம் வந்தபோது நான் வீட்டில் தனியாக இருந்தேன். நிற்க முடியவில்லை, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஆட்டம் நின்ற பிறகு பார்த்தால் படுக்கையறைச் சுவரில் பெருக்கல் குறி வடிவில் பெரிய விரிசல். கதவு மூலைகளிலிருந்தும் சாய்வாக விரிசல்கள் கிளம்பியிருந்தன. நடைபாதைச் சுவர்களில் பூச்சு பெயர்ந்து விழுந்திருந்தது. சில நாட்களில் பொறியாளர்கள் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் பச்சை அட்டை ஒட்டினார்கள். நிர்வாகம் பொது இடங்களை எல்லாம் உடனே பூசிப் பெயின்ட் அடித்துவிட்டது. எங்கள் வீட்டுக்குள்ளும் பூச ஆள் அனுப்புவதாகச் சொல்கிறார்கள். நான்தான் தள்ளிப்போட்டு வருகிறேன். கீழே பார்க்கிங் தளத்தில் ஒரு தூணிலும் சாய்வாக ஒரு விரிசல் இருக்கிறது. அது பழையது என்கிறார் மேலாளர். எதிர்வீட்டுக் குடும்பம் காலி செய்துகொண்டு போய்விட்டது. பச்சை அட்டையை நம்பி இருக்கலாமா? நானே பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியது ஏதாவது உண்டா? இன்னொன்று: சென்னை வேளச்சேரியில் என் பெற்றோர் இருக்கும் ஃபிளாட்டில் தரைத்தளம் முழுக்கக் கார் நிறுத்தம்தான், வெறும் தூண்கள். பாங்காக்கைப் பார்த்த பிறகு அதை நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

— வாசகி, பாங்காக்

பதில்: படுக்கையறைச் சுவரைப் பிறகு பார்ப்போம். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது, போகிறபோக்கில் நீங்கள் எழுதியிருக்கும் அந்தப் பார்க்கிங் தூண். சுவரில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல் இருந்தாலும், கட்டிலை அந்தப் பக்கத்திலிருந்து தள்ளிப் போட்டுவிட்டுத் தூங்கலாம். தூணில் சாய்வாக ஒரு மெல்லிய கோடு ஓடினால், எந்த நிற அட்டை ஒட்டியிருந்தாலும், விவரம் தெரிந்தவர் ஒருவர் அதன் பூச்சைக் கொத்திப் பார்க்கும்வரை எனக்குத் தூக்கம் வராது.

ஏன் இந்த வேறுபாடு? உயரமான காங்கிரீட் கட்டடத்தில் எடையைத் தரைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பவை ஸ்லாப், உத்தரம், தூண், லிஃப்ட்டையும் படிக்கட்டையும் சுற்றியுள்ள காங்கிரீட் சுவர்கள். அறைகளைப் பிரிக்கும் செங்கல் சுவரோ இலகுக்கல் சுவரோ பெரும்பாலும் இடத்தை நிரப்ப மட்டுமே கட்டியது. ஆட்டத்தில் சட்டகம் பக்கவாட்டில் சாயும்போது, தூணுக்கும் தூணுக்கும் நடுவே செவ்வகமாக இருந்த இடம் கோணலாகிறது. செங்கல்லால் அப்படி நெளிய முடியாது. ஒரு மூலைவிட்டம் நசுங்க, குறுக்கே மற்றதில் சுவர் கிழிகிறது. கட்டடம் மறுபக்கம் சாயும்போது எதிர்ப்பக்கம் கிழிகிறது. இரண்டும் சேர்ந்ததுதான் நீங்கள் பார்த்த பெருக்கல் குறி. பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் அது சொல்வது இவ்வளவுதான்: அந்த மாடி இத்தனை தூரம் ஆடியது. கட்டடத்தின் தாங்குதிறன் போய்விட்டது என்று அதற்குப் பொருள் இல்லை.

ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். அந்தச் சுவர் நிரப்புச் சுவர்தானா? தட்டிப் பார்த்தால் ஓரளவு தெரியும். கட்டட வரைபடத்தைப் பார்த்தால் சந்தேகமே இருக்காது. அது காங்கிரீட் சுவராக இருந்துவிட்டால் மேலே சொன்னதை மறந்துவிட்டு, தூணுக்குச் சொல்லப்போவதை அதற்கும் பொருத்திக்கொள்ளுங்கள். நிரப்புச் சுவராகவே இருந்தாலும் அலட்சியம் வேண்டாம். நன்றாகக் கிழிந்த சுவர் அடுத்த ஆட்டத்தில் அப்படியே அறைக்குள் சரியலாம். கட்டிலைத் தள்ளிப் போடச் சொன்னது அதற்காகத்தான்.

ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், மாண்டலே பக்கத்தில், சகாயிங் பிளவில் வந்த 7.7 அளவு நிலநடுக்கம் பாங்காக்கை ஏன் இப்படி ஆட்டியது என்று உங்கள் அலுவலகத்தில் எல்லோரும் கேட்டிருப்பார்கள். நகரம் தடித்த களிமண் படுகையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. வேகமான அதிர்வுகள் தூரத்தில் தேய்ந்து செத்துவிடும். மெதுவான அலைகள் மட்டும் வந்து சேரும். களிமண் அவற்றைப் பெருக்கிக் கொடுக்கும். உயரமான கட்டடங்களின் இயல்பான ஆட்டமும் அதே மெதுவான தாளத்தில்தான். 1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோ நகரத்தில் நடந்ததும் இதுதான். பசிபிக் கரையோரம், 350 கிலோமீட்டருக்கும் அப்பால் நிலம் அதிர்ந்தது. பழைய ஏரிப் படுகையின் மேல் நின்ற நடுத்தர உயரக் கட்டடங்கள் நூற்றுக்கணக்கில் விழுந்தன. பாங்காக்கில் கட்டி முடிக்கப்படாத ஒரு கட்டடம், சதுசாக் வட்டாரத்தில் எழும்பிக்கொண்டிருந்த தணிக்கை அலுவலகக் கோபுரம், விழுந்தது. மற்றவை நின்றன, விரிசல்களோடு. மாநகராட்சி பயன்படுத்தும் டிராஃபி ஃபான்டு செயலியில் விரிசல் படங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். அவற்றில் பெரும்பாலானவை நிரப்புச் சுவர் விரிசல்கள்.

இனி அட்டைக்கு வருவோம்.

பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அட்டை ஒட்டும் வழக்கத்தை முறைப்படுத்தியது கலிஃபோர்னியாவில் தயாரான ஏ.டி.சி.-20 என்ற கையேடு. 1989இல் அது அச்சாகிச் சில வாரங்களிலேயே, அக்டோபர் 17 அன்று, லோமா பிரியட்டா நிலநடுக்கம் வந்து அதைச் சோதித்துவிட்டது. பிறகு உலகம் முழுக்க ஏதாவது ஒரு வடிவத்தில் இதையே பின்பற்றுகிறார்கள். இதன் முதற்கட்டப் பார்வை மிகச் சுருக்கமானது. கட்டடத்தைச் சுற்றி வந்து, உள்ளே போக முடிந்தால் போய்ப் பார்த்து, சில நிமிடங்களிலோ அரை மணி நேரத்திலோ முடிவெடுக்க வேண்டும். ஒரு நகரத்தில் பல்லாயிரம் கட்டடங்கள் காத்துக் கிடக்கும்போது வேறு வழியும் இல்லை. அந்தப் பொறியாளர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் கையில் இருக்கும் கேள்வியே வேறு: நிலநடுக்கத்துக்கு முன்பு இருந்ததைவிட இந்தக் கட்டடம் வெளிப்படையாக அபாயகரமாக மாறியிருக்கிறதா? இல்லை என்றால் பச்சை. முன்பே அது எவ்வளவு வலுவாக இருந்தது என்பது அந்தக் கேள்விக்குள் வரவே வராது.

இந்த இடைவெளியின் விலை என்ன என்று நியூசிலாந்துக்குத் தெரியும். 2010 செப்டம்பர் 4 அன்று கிறைஸ்ட்சர்ச் நகரத்துக்கு மேற்கே 7.1 அளவில் நிலநடுக்கம் வந்தது. அதில் கட்டடம் இடிந்து யாரும் சாகவில்லை. நகரின் நடுவே சி.டி.வி. என்று அழைக்கப்பட்ட ஆறு மாடிக் காங்கிரீட் கட்டடம் இருந்தது. உள்ளூர்த் தொலைக்காட்சி, மருத்துவ நிலையம், வெளிநாட்டு மாணவர்கள் படித்த ஆங்கிலப் பள்ளி எல்லாம் அதற்குள் இயங்கின. அதற்குப் பச்சை அட்டை ஒட்டினார்கள். கட்டட உரிமையாளர் தரப்பில் அழைக்கப்பட்ட பொறியாளர் ஒருவரும் வந்து பார்த்தார். கட்டமைப்பு வரைபடங்கள் அவர் கைக்குக் கிடைக்கவில்லை. அவர் பார்த்தவரை பெரிய சேதம் எதுவும் இல்லை. 2011 பிப்ரவரி 22 மதியம் 12.51க்கு நகரத்துக்கு அருகிலேயே, ஆழமில்லாமல், இரண்டாவது பெரிய நிலநடுக்கம் வந்தது. அளவில் முதலாவதைவிடச் சிறியது. சி.டி.வி. கட்டடம் சில நொடிகளில் அடுக்கடுக்காகப் படிந்து விழுந்தது. அந்த நிலநடுக்கத்தில் இறந்த 185 பேரில் 115 பேர் அந்த ஒரே கட்டடத்தில் இருந்தவர்கள்.

பிறகு அரசு அமைத்த ஆணையம் விசாரித்தது. வடிவமைப்பு அந்தக் காலத்து விதிகளுக்கே பொருந்தவில்லை, கட்டட அனுமதி கொடுத்திருக்கவே கூடாது என்று சொன்னது. தூண்கள் 400 மி.மீ. விட்டம் கொண்ட வட்டத் தூண்கள். அவற்றின் நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிய சுருள் வெறும் 6 மி.மீ. கம்பி, ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே 250 மி.மீ. தூரம். அதாவது ஒரு சாணுக்கும் மேலே. நிலநடுக்கத்தைத் தாங்க வேண்டிய தூணின் முனைகளில் வளையங்கள் 100 மி.மீ. அளவுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும் என்று நம் ஊர் விதியான ஐ.எஸ். 13920 கேட்கிறது. வெளியிலிருந்து பார்த்த எந்தக் கண்ணுக்கும் அந்த 250 மி.மீ. தெரிந்திருக்காது. செப்டம்பரில் ஒட்டிய அட்டை, அதன் சொந்தக் கேள்விக்குச் சரியான பதிலாகக்கூட இருந்திருக்கலாம். உள்ளே இருந்தவர்கள் அதை வேறொரு கேள்விக்கான பதிலாகப் படித்தார்கள்.

ஆகவே நிர்வாகத்திடம் நீங்கள் கேட்க வேண்டியது அட்டையின் நிறத்தை அல்ல. அனுமதி எந்த ஆண்டு கிடைத்தது? தாய்லாந்தில் 2007இல் வந்த விதிதான் பாங்காக்கையும் நிலநடுக்க வடிவமைப்புக்குள் கொண்டுவந்தது. அதற்கு முன் அனுமதி வாங்கிய கட்டடம் என்றால் காற்றுக்காகத்தான் கணக்குப் போட்டிருப்பார்கள். உயரமான கட்டடத்தில் காற்றுக்கணக்கே கணிசமான வலுவைத் தந்துவிடும் என்பது ஆறுதல். ஆனால் வளையங்களை நெருக்கிக் கட்டச் சொல்லிக் காற்று கேட்காது. அடுத்து, பச்சை ஒட்டியவர்கள் கட்டமைப்பு வரைபடத்தைப் பார்த்தார்களா? எந்தெந்த மாடிகளுக்குப் போனார்கள்? எழுத்தில் அறிக்கை இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் வந்தால், நீங்கள் பாதி நிம்மதி அடையலாம்.

இப்போது அந்தத் தூண்.

விரிசல் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. தூணின் தலையிலோ காலிலோ, உத்தரத்தை ஒட்டிக் கிடைமட்டமாக மெல்லிய கோடுகள் இருந்தால் தூண் வளைந்திருக்கிறது. உள்ளே கம்பி கொஞ்சம் நீண்டு மீண்டிருக்கும். ஒழுங்காக வடிவமைத்த தூண் அப்படித்தான் சேதப்பட வேண்டும். அது மெதுவாக, எச்சரித்துவிட்டுக் களைத்துப்போகும் முறை. சாய்வாக ஓடினால் அது வெட்டு விசையின் கையெழுத்து. அந்த வகை உடைவு எச்சரிக்காது. கோட்டுக்கு மேலே உள்ள பகுதி கீழே உள்ள பகுதியின் மேல் சறுக்கத் தொடங்கினால், அதைப் பிடித்து நிறுத்த அந்த வளையங்களைத் தவிர வேறு எதுவும் இல்லை. 1971இல் கலிஃபோர்னியாவின் ஆலிவ் வியூ மருத்துவமனையில் இதைக் கண்கூடாகப் பார்த்தார்கள். ஒரே தளத்தில், ஒரே ஆட்டத்தில், நெருக்கமான சுருள் கம்பி போட்ட தூண்கள் மேலோடு உரிந்து, கோணிப்போயும் எடையை விடவில்லை. தள்ளித் தள்ளி வளையம் கட்டிய மூலைத் தூண்கள் நொறுங்கிவிட்டன.

நெடுக்காக, கம்பி போகும் பாதையிலேயே ஓடும் விரிசல் பெரும்பாலும் துருவின் வேலை. பழுப்புக் கறை கசிந்திருக்கும், தட்டினால் பொள்ளென்று கேட்கும். நீர் ஒழுகும் பார்க்கிங் தளங்களில் இது சாதாரணம். அதற்கும் மார்ச் 28க்கும் தொடர்பில்லை; சரிசெய்ய வேண்டியதுதான், ஆனால் அவசரம் வேறு.

உங்கள் மேலாளர் பழையது என்கிறார். பழையதா புதியதா என்று ஒரு டார்ச்சை வைத்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். புது விரிசலின் ஓரங்கள் கூராக இருக்கும். உள்ளே காங்கிரீட்டின் நிறம் வெளிறித் துப்புரவாகத் தெரியும். பழையதில் தூசி அடைந்திருக்கும், ஓரம் மழுங்கியிருக்கும், முன்பு அடித்த பெயின்ட் உள்ளே இறங்கியிருக்கும், சில சமயம் வெள்ளை உப்பு பூத்திருக்கும். ஆனால் ஒன்று சொல்கிறேன். தூணில் சாய்வாக ஓடும் விரிசல் நிலநடுக்கத்துக்கு முன்பே இருந்தது என்றால், அது ஆறுதல் தரும் செய்தி அல்ல. அஸ்திவாரம் சமமில்லாமல் இறங்கியதா, வேறு ஏதாவதா என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். பழையது என்ற பதிலோடு அந்தப் பேச்சை முடித்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு வாய்ப்பும் உண்டு: விரிசல் பூச்சில் மட்டும் இருக்கலாம். இதைத் தீர்க்க ஒரே வழி, அந்த இடத்தில் ஒரு சாண் அகலத்துக்குப் பூச்சைக் கொத்தி எடுத்துக் காங்கிரீட்டைப் பார்ப்பது. ஒரு கொத்தனாருக்கு அரை மணி நேர வேலை. இதற்கே மேலாளர் தயங்கினால் எனக்குச் சந்தேகம் கூடும்.

காங்கிரீட்டிலேயே கோடு இருந்தால் அகலத்தை அளக்க வேண்டும். கோடுகள் அச்சிட்ட சிறிய பிளாஸ்டிக் அட்டையை விரிசல் மேல் வைத்து ஒப்பிட்டு அளப்பார்கள். அது இல்லாவிட்டால் வீட்டில் இருப்பதே போதும்: சாதாரண ஏ4 தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிமன், ஏ.டி.எம். அட்டை முக்கால் மி.மீ.க்குச் சற்று மேல். ஜப்பானியர்கள் சேதமடைந்த தூண்களை ஐந்து தரமாகப் பிரித்திருக்கிறார்கள். 0.2 மி.மீ.க்குள் மயிரிழை விரிசல் மட்டும் இருந்தால் முதல் தரம். 1 மி.மீ. வரை இரண்டாவது. 1 முதல் 2 மி.மீ., மேலோடு சற்றே நொறுங்கினால் மூன்றாவது. அதைத் தாண்டிக் கம்பி வெளியே தெரிந்தால் நான்காவது. கம்பி வளைந்து, உள்காங்கிரீட் நசுங்கி, தூணே குட்டையாகிவிட்டால் ஐந்தாவது. இதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு தரத்துக்கும் தூணில் எவ்வளவு தாங்குதிறன் மிச்சம் என்று ஒரு எண்ணும் தருகிறார்கள். அங்கேதான் நான் முன்பு சொன்ன திசை வேலை செய்கிறது. வளைந்து சேதப்படும் தூண் மூன்றாம் தரத்தில் இருந்தால் பாதி மிச்சம் என்று கணக்கு. வெட்டு முறையில் உடையும் தூண் அதே மூன்றாம் தரத்தில் இருந்தால் 30 விழுக்காடுதான். நான்காம் தரத்துக்குப் போனால் வளையும் தூணுக்குப் பத்தில் ஒரு பங்கு, வெட்டுப்பட்டதற்குப் பூஜ்யம். ஒரு மாடியில் உள்ள எல்லாத் தூண்களையும் இப்படிக் கணக்கிட்டுக் கூட்டி, கட்டடம் தன் பழைய வலுவில் நூற்றுக்கு எத்தனை வைத்திருக்கிறது என்று பார்ப்பார்கள். 95க்கு மேல் என்றால் சேதம் அற்பம். 60க்குக் கீழே என்றால் கடுமை. கண்ணால் பார்த்து "பரவாயில்லை" என்று சொல்வதைவிட இது எவ்வளவோ மேல். மற்ற நாடுகள் இன்னும் முழுமையாக இந்தப் பழக்கத்துக்கு வராதது எனக்கு வியப்புதான்.

அகல அளவை அப்படியே நம்பிவிடவும் கூடாது. நீங்கள் இன்று அளப்பது ஆட்டம் நின்ற பிறகு மிச்சமிருக்கும் அகலம். ஆட்டத்தின் உச்சத்தில் அது பல மடங்கு திறந்திருக்கலாம். மேலே உள்ள மாடிகளின் எடை தூணை அழுத்தி விரிசலை மூடிவிடும். அதனால் அனுபவமுள்ளவர்கள் விரிசலை மட்டும் பார்ப்பதில்லை. தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிட்டுத் தூண் நேராக நிற்கிறதா என்று பார்ப்பார்கள். தரைக்கு ரசமட்டம் வைத்துப் பார்ப்பார்கள். 3 மீட்டர் உயர மாடி ஒன்று 15 மி.மீ. அளவுக்குச் சாய்ந்தபடியே நின்றுவிட்டால், அதாவது இருநூற்றில் ஒரு பங்கு, உள்ளே இருப்பவர்களுக்கே அது உடம்பில் உறைக்கத் தொடங்கும். அந்த அளவுக்கு மேல் போனால், சரிசெய்வதா இடிப்பதா என்ற பேச்சு ஆரம்பமாகிவிடும். லிஃப்ட் முன்புபோல உரசாமல் ஓடுகிறதா, நடுக்கத்துக்குப் பிறகு எந்த மாடியில் எல்லாம் கதவுகள் மாட்டிக்கொள்கின்றன என்று பக்கத்து வீடுகளில் கேட்டுப் பாருங்கள். கதவு மாட்டும் வீடுகள் எல்லாம் ஒரே மாடியில் இருந்தால் அந்த மாடியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சேதம் எப்போதும் கீழ்த்தளத்தில்தான் இருக்கும் என்பது பாதி உண்மை. 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம், வான் நைஸில் 1966இல் கட்டிய ஏழு மாடி ஹாலிடே இன் விடுதி ஒன்று அடிபட்டது. தரைத்தளத்தை மட்டும் பார்த்தவர்கள் நிம்மதியாகத் திரும்பியிருக்கலாம். நான்காம் மாடியில், வெளிவரிசைத் தூண்களின் தலைப்பகுதி சாய்வாகக் கிழிந்து, கம்பிகள் வெளியே வளைந்து நின்றன. தூணின் அளவோ கம்பியோ உயரத்தில் குறையும் இடம், செங்கல் சுவர்கள் திடீரென்று குறையும் மாடி, நீச்சல் குளமோ பார்க்கிங்கோ முடிந்து வீடுகள் தொடங்கும் மாடி ஆகியவைதான் சந்தேகப்பட வேண்டிய இடங்கள். உங்கள் கட்டடத்தில் பல பார்க்கிங் தளங்களுக்கு மேல் வீடுகள் தொடங்குமானால், அந்த மாற்றம் நடக்கும் மாடியைக் குறிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

பொய்க்கூரையைக் கழற்றிப் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். 2016 நவம்பர் 14 நள்ளிரவு தாண்டிய சில நிமிடங்களில் நியூசிலாந்தின் கைக்கோரா நிலநடுக்கம் வந்தபோது, வெலிங்டனில் புள்ளிவிவரத் துறை இருந்த நவீனக் கட்டடத்தில் முன்வார்ப்பு ஸ்லாப்புகள் உத்தரத்தின் விளிம்பிலிருந்து நழுவி விழுந்தன. பகலாக இருந்திருந்தால் மேசைகளில் ஆட்கள் இருந்திருப்பார்கள். தெருவிலிருந்து பார்த்தவர்களுக்குக் கட்டடம் கம்பீரமாகத்தான் நின்றது. தூணும் உத்தரமும் சந்திக்கும் இடமும் ஸ்லாப் உட்காரும் விளிம்பும் பெரும்பாலும் பொய்க்கூரைக்கு மேலேதான் மறைந்திருக்கும்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. சுத்தியல்போல் தட்டி எண் காட்டும் கருவியைக் கொண்டுவந்து "காங்கிரீட் நன்றாக இருக்கிறது" என்று சொன்னால், அது மேற்பரப்பின் கடினத்தைப் பற்றிய செய்தி மட்டுமே; விரிசல் எவ்வளவு ஆழம் என்று அதற்குத் தெரியாது. மீயொலி அலை செலுத்திப் பார்ப்பது அதைவிடப் பயன்படும். வளையங்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதை உடைக்காமலேயே கம்பி தேடும் கருவி காட்டிவிடும். என்னைக் கேட்டால், ஒரே ஒரு கருவிக்குத்தான் காசு இருக்கிறது என்றால் இதைத்தான் கேட்பேன்.

உங்கள் படுக்கையறையைப் பூசலாமா? இப்போது வேண்டாம். நீங்கள் தள்ளிப்போட்டது சரி. பூச்சு சேதத்தைச் சரிசெய்யாது, சாட்சியத்தைத்தான் அழிக்கும். முதலில் அளவுகோலை விரிசலுக்குப் பக்கத்தில் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் சிறு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். சில மாதம் கழித்து அந்தக் கோட்டைத் தாண்டி விரிசல் நீண்டிருந்தால், கட்டடம் இன்னும் அசைகிறது என்று தெரியும். பார்க்கிங் தூணுக்கும் இதையே செய்யுங்கள். பூச்சைக் கொத்திப் பார்ப்பதை மட்டும் மாதக்கணக்கில் ஒத்திப்போட வேண்டாம். நடைபாதையில் ஏற்கெனவே பூசிவிட்டார்கள் என்கிறீர்கள்; பூசுவதற்கு முன் எடுத்த படங்களை நிர்வாகத்திடம் கேட்டு வாங்குங்கள். அங்கே மறைந்தவற்றில் ஒரு தூணோ லிஃப்ட் சுவரோ இருந்திருந்தால் மறுபடி கொத்தித்தான் ஆக வேண்டும்.

காலி செய்ய வேண்டுமா என்ற கேள்விக்கு இங்கிருந்து பதில் சொல்வது சரியல்ல. என் கணிப்பு இதுதான்: சுவர் விரிசல்களுக்காக வீட்டை விட்டுப் போகத் தேவையில்லை. தூணின் விரிசல் காங்கிரீட்டிலும் இருந்து, சாய்வாக இருந்து, ஏ.டி.எம். அட்டையின் ஓரம் அதில் நுழையும் அளவுக்கு இருந்தால், கட்டமைப்புப் பொறியாளர் எழுத்தில் சொல்லும்வரை வேறு இடத்தில் தங்குங்கள். வாடகைக்கு இருப்பவர் என்பதால் உங்களுக்கு அந்தச் சுதந்திரமாவது இருக்கிறது.

வேளச்சேரி. பயத்துக்குக் காரணம் உண்டு, பீதிக்கு இல்லை. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவில் வந்த நடுக்கம் சென்னையில் உணரப்பட்டது உங்கள் பெற்றோருக்கு நினைவிருக்கலாம். 2002இல் திருத்திய ஐ.எஸ். 1893 விதி சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றியது. அதே திருத்தத்தில், தரைத்தளம் திறந்த கட்டடங்களின் அந்தத் தளத்துத் தூண்களையும் உத்தரங்களையும் கணக்கில் வரும் விசையைப்போல் இரண்டரை மடங்குக்கு வடிவமைக்கச் சொல்லும் பகுதியும் வந்தது. அதற்குக் காரணம் அகமதாபாத். 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்தின் மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அந்த நகரத்தில் ஏறத்தாழ எழுபது அடுக்குமாடிகள் விழுந்தன. அவற்றில் பெரும்பாலானவை உங்கள் பெற்றோரின் கட்டடம்போல் கீழே கார் நிறுத்தம் விட்டவை. மேலே மாடிக்கு மாடி செங்கல் சுவர்கள் நிறைந்து பெட்டியாக இறுகி நிற்க, கீழே தூண்கள் மட்டும் தனியாக மாட்டிக்கொள்கின்றன. மொத்த ஆட்டமும் அந்த ஒரு தளத்தில் வந்து குவிகிறது.

ஆகவே முதல் கேள்வி, அந்தக் கட்டடம் 2002க்கு முன் வடிவமைத்ததா பின்பா. கட்டியவரிடம் கட்டமைப்பு வரைபடத்தைக் கேட்கச் சொல்லுங்கள்; அனுமதிக்காகக் கொடுத்த கட்டடக்கலை வரைபடத்தில் வளைய இடைவெளி இருக்காது. அடுத்து அப்பாவைக் கீழே போய் ஒன்று பார்க்கச் சொல்லுங்கள்: லிஃப்ட்டையோ படிக்கட்டையோ சுற்றிக் காங்கிரீட் சுவர் தரைவரை வந்து இறங்குகிறதா? இறங்கினால் நிலைமை எவ்வளவோ தேவலாம். இறங்காவிட்டால், குடியிருப்போர் சங்கத்தில் பேசி, சில தூண்களுக்கு இடையே காங்கிரீட் சுவரோ இரும்புக் குறுக்குச் சட்டமோ சேர்க்க முடியுமா, தூண்களைச் சுற்றிப் புதுக் கம்பியும் காங்கிரீட்டும் போட்டுப் பருமனாக்க முடியுமா என்று கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் கேட்கலாம். இரண்டுமே செய்யக்கூடிய வேலைகள். வீட்டைக் காலி செய்யாமலேயே செய்யலாம். ஆனால் யாராவது, காவலாளி அறைக்கோ பைக் நிறுத்தவோ, தூணுக்கும் தூணுக்கும் நடுவே இடுப்புயரத்துக்கு அரைச்சுவர் எழுப்பலாம் என்று கிளம்பினால் தடுத்துவிடச் சொல்லுங்கள். அரைச்சுவர் பிடித்துக்கொண்ட தூணின் மிச்ச நீளம் குட்டையாகி, விசை முழுவதும் அங்கே குவிந்து, அது சாய்வாகத்தான் கிழியும்.